செவ்வாய்க்குப் போகாதவனின் குழி

ஒக்கூமுவைப் புதைத்த அன்று, அவன் ஏரித்துறைச் சந்தையில் உட்கார்ந்து ஒரு மீன்காரியின் சூரிய விளக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். காற்று திரும்பும்போதெல்லாம் ஊர்ப்பக்கமிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

"உன் சாவுக்கு நீ போகலையா?" என்றாள் மீன்காரி.

"எனக்குச் சொல்லி அனுப்பலக்கா."

இருவரும் சிரித்தார்கள்.

துறையில் அவனைத் தெரியாதவர் இல்லை. பிளாஸ்டிக் குழாயில் கண்ணாடி வில்லைகளைப் பொருத்தி, கருவாட்டு வியாபாரிகளுக்கு நிலாவின் குழிகளைக் காட்டியவன். வால்மீன் ஒன்றின்மேல் மனிதன் செய்த பெட்டி இறங்கிய செய்தி வானொலியில் வந்த அன்று, துறையில் இருந்த எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தான். யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேட்டபடியே குடித்தார்கள். விளக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்களிடம் செவ்வாயின் இரண்டு நிலாக்களைப் பற்றிப் பேசுவான். முதலில் என் விளக்கை எரிய வை, அப்புறம் நிலாவைப் பார்க்கலாம் என்பார்கள்.

செவ்வாயில் குடியேற ஆள் எடுப்பதாக ஓர் ஐரோப்பியக் கம்பெனி அறிவித்தது. போகலாம், திரும்ப முடியாது. ஒக்கூமு விண்ணப்பித்தான். தொலைபேசியில் பேட்டி எடுத்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து பொறுக்கியவர்களில் அவன் பெயரும் இருந்தது. பத்திரிகைக்காரர் வந்து, ஏரியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அவன் தாய் தொரீனா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"செத்தா எங்கடா புதைப்பாங்க?"

"அங்கயேதான். அங்கயும் செம்மண்தாம்மா."

"செம்மண்ணா இருந்தாப் போதுமா? உங்க அப்பன் பாட்டன் கெடக்கிற மண்ணா அது?"

ஏரியில் மூழ்கி உடல் கிடைக்காதவனுக்கு யாகோ காயைப் புதைப்பது எங்கள் வழக்கம். மரத்தில் சுரைக்காய்போல் நீளமாகத் தொங்கும் காய் அது. பெயர் சொல்லி அழுது, குழியில் இறக்கி மூடிவிட்டால், அவன் வீடு தேடி அலையமாட்டான். பிள்ளைகளைத் தொல்லை செய்யமாட்டான். தன் கண் மூடுவதற்குள் மகனுக்கு அதைச் செய்துவிட வேண்டும் என்றாள் தொரீனா.

சித்தப்பா ஒலாங் ஒத்துக்கொள்ளவில்லை. "மூச்சு விடுறவனுக்குக் குழி வெட்டினா, அந்தக் குழி ஆளைத் தேடும்," என்றார்.

அவரை இறங்கிவர வைத்தவன் ஒக்கூமுதான். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோதே தான் இந்தப் பூமிக்காரன் இல்லையென்று ஆகிவிட்டது என வாதாடினான். காய்தானே, புதைத்துவிட்டுப் போகட்டும். அம்மாவும் நிம்மதியாக இருப்பாள், தானும் யார் கண்ணீருக்கும் பயப்படாமல் கிளம்பலாம் என்பது அவன் கணக்கு. ஒலாங் சொன்ன நிபந்தனைகளையும் சந்தோஷமாக ஏற்றான். புதைத்தபின் வீட்டுவாசலை மிதிக்கக்கூடாது. மூத்தவன் உரிமை தம்பி ஒயூகிக்குப் போய்விடும். மழை வந்ததும் நிலத்தில் முதல் விதையை இனி ஒயூகிதான் போட வேண்டும். ஒக்கூமு சந்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கினான். செவ்வாயிலும் இப்படித்தான் பெட்டிக்குள் இருக்க வேண்டும், இப்போதே பழகிக்கொள்கிறேன் என்று துறையில் எல்லோரிடமும் சொன்னான்.

மழை வந்தது, ஒயூகி முதல் விதையைப் போட்டான். அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. செத்தவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்போம். ஒக்கூமு என்று வைத்தார்கள்.

அதன் பிறகுதான் கம்பெனியை இழுத்து மூடினார்கள். ராக்கெட் என்று ஒன்று அவர்களிடம் எப்போதுமே இருந்ததில்லை என்று செய்தியில் வந்தது. ஒக்கூமு அதைத் தம்பியிடம் மட்டும் சொன்னான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான் ஒயூகி. அவனே வீட்டுக்குப் போய், அண்ணன் நல்லபடியாக ஏறிப் போய்விட்டான் என்று அவளிடம் சொல்லியும் விட்டான்.

தொரீனா படுக்கையில் விழுந்தாள். கால் வீங்கி, மூச்சு இழுத்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்ட ஒக்கூமு கடையைத் திறந்துபோட்டபடியே ஓடிவந்தான். ஒயூகி வாசலை மறித்து நின்றான்.

"ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்டா."

"என் பிள்ளை உன் பேரைச் சுமக்கிறான், அண்ணா. ஒரு வாரமா இருமறான். நீ காலை உள்ள வச்சு, குழி அவனைக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அது இருமல்டா. மருந்து குடுத்தா போயிடும்."

"போகலைன்னா?"

ஒக்கூமு இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் தன் நம்பிக்கையில்லாமைக்குத் தம்பி பிள்ளையைப் பணயம் வைக்கவும் அவனால் முடியவில்லை. காயைத் தோண்டி எடுத்துவிடலாமே என்று கெஞ்சினான். அது எப்போதோ மக்கிப்போயிருக்கும், வெறுங்குழியைத் திறப்பது இன்னும் மோசம் என்றார் அங்கு வந்த ஒலாங். கடைசியில் கிழவர் ஒரு வழி சொன்னார். வெளியே செத்தவனைச் சிலபோது வாசல் வழியாகக் கொண்டுவராமல், வேலியைப் பிளந்து கொண்டுவருவது உண்டு. அப்படி வரட்டும், பிணமாக வரட்டும்.

"ஆனா பேசக்கூடாது. செத்தவன் பேசினா, கேட்டவங்க அவன்கூடப் போயிடுவாங்க."

ஒயூகி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேலியாக நின்ற திருகுகள்ளியை வெட்டினான். பால் சொட்டியது. கண்ணில் படாமல் கையால் மறைத்தபடி ஒக்கூமு உள்ளே நுழைந்தான்.

தொரீனா அவனைப் பார்த்துப் பயப்படவில்லை. மகன் மேலேயிருந்து இறங்கி வந்திருக்கிறான் என்றே நினைத்தாள்.

"வந்துட்டியா? எவ்வளவு தூரம்... அங்க சாப்பிட என்னடா குடுக்கிறாங்க?"

கண்ணாடிக் கூடாரத்தில் கிழங்கு விளைவிப்பதையும், மண்ணுக்கடியில் பனிக்கட்டியை வெட்டி நீராக்குவதையும் ஊரெல்லாம் சொன்ன வாய் அது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரொம்பக் குளிருமாமே. கூட யாராச்சும் இருக்காங்களா?" அவன் கையைத் தேடிப் பிடித்தாள். பிடித்தவள் விடாமல் தடவிப் பார்த்தாள். ஈயப் பற்றுவைப்பில் சுட்ட தழும்புகள், நகத்தடியில் கரி, வெதுவெதுப்பு.

"நீ போகலையா?"

கதவருகே குழந்தையோடு நின்ற ஒயூகி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். குழந்தை இருமியது. தாயின் கண்கள் ஒக்கூமுவின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"போகலம்மா. யாரும் போகல. ராக்கெட்டே இல்ல."

அவள் அவனைத் தாண்டிக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையை உருவிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இவனை வெளிய கூட்டிட்டுப் போ, ஒயூகி. சின்னவன் இருமறான்."

ஒயூகி குழந்தையை உள்ளே விட்டுவிட்டு, அண்ணனின் தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனான். வேலிக்கு வெளியே விட்டுவிட்டு உடனே குந்தி, பிளந்த இடத்தை அடைக்கத் தொடங்கினான். திருகுகள்ளியை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும்; வேரோடு நட வேண்டியதில்லை. வெட்டிய கிளைகளில் பாதி வெளிப்பக்கம் விழுந்து கிடந்தன. உள்ளே இருந்து ஒயூகியின் கை எட்டவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஒக்கூமு, குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே நீட்டினான்.