கரிக்கோட்டுக்குக் கீழே

‘டிம்’ என்றால் என்னவென்று மகள் கேட்டபோது நான் சொன்னது தப்பா? இன்னும் தெரியவில்லை. அவள் இங்கிலீஷ் வீட்டுப்பாடத்துக்கு அர்த்தம் கேட்ட நேரத்தில், பழுதான மிக்சியிலிருந்து வயர் கருகிய வாசனை வந்தது. என் அப்பாவின் லாரி எலக்ட்ரிக் பட்டறைக்கே நினைப்பு போய்விட்டது; திருச்செங்கோட்டு ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்துவிட்ட பட்டறை அது. பொழுது சாய்ந்ததும், ஹெட்லைட் மாற்றிய லாரியைச் சுண்ணாம்புச் சுவருக்கு நேரே நிறுத்தி, என்னை டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டு, “டிம் போடு சாமி, எதுக்க வாரவனுக்குக் கண்ணு கூசப்படாது” என்பார் அப்பா. நான் சீட்டிலிருந்து சறுக்கி இறங்கி, கீழே இருக்கும் டிம் ஸ்விட்சைக் காலால் மிதிப்பேன். சுவரில் அவர் போட்ட கரிக்கோட்டுக்குக் கீழே வெளிச்சம் இறங்கும்வரை ஹெட்லைட் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பார்.

எதிரே வருபவருக்காக நம் வெளிச்சத்தைத் தாழ்த்துவது என்றுதான் மகளுக்குச் சொன்னேன். அதையே எழுதினாள். டீச்சர் சிவப்பு மையில் அடித்து, ‘மங்கலான’ என்று எழுதியனுப்பினார்.

“எல்லாரும் சிரிச்சாங்க. இனிமே அப்பாகிட்டயே கேட்டுக்கறேன், நீ சொல்ல வேண்டாம்மா” என்று நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

டீச்சர் எழுதியதும் சரிதான். போய் வாதாடத் தெம்பில்லை. மூன்று நாளாக அவள் என்னிடம் நோட்டைத் திறக்கவில்லை. தப்பென்று ஒத்துக்கொண்டு விடுவதா, பட்டறைக் கதையைச் சொல்வதா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.