வேலியைத் தின்ற பூஞ்சணம்

"என்ர வேலி வேற, உம்மட குப்பைக் கும்பி வேற எண்டு இந்தப் பூஞ்சணத்துக்கு எப்பிடித் தெரியும்?"

தீவுப் பக்கத்துப் புளியங்கூடலில் பக்கத்து வளவுக் கிறிஸ்தோப்பர் மேரிஜோசப்பினிடம் இப்படிக் கேட்டார். அவரோடு நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

மேரிஜோசப்பின் கத்தரித் தோட்டக்காரி. அவளுடைய மண் உப்புப் பிடித்தது. பசளை இல்லாவிட்டால் கன்று முழங்காலுக்கு மேல் எழும்பாது. கமக்காரருக்கான விவசாய வகுப்பொன்றில் பச்சைப் பூஞ்சணம் வளர்க்கப் பழகியிருந்தாள். போத்தலில் அடைத்த சோற்றில் அதை வளர்த்து, தண்ணீரில் கரைத்து, பனையோலையும் தேங்காய்ப் பொச்சும் குவித்த கும்பியில் தெளிப்பாள். பூஞ்சணத்துக்கு வாய் கிடையாது. நொதியம் என்ற சாற்றை வெளியே விட்டு, ஓலையின் நாரைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வருடத்திலும் உக்காத ஓலை சில மாதத்தில் கறுத்த மண்ணாகும். ஐப்பசி மழைக்கு முன் அந்த மண் கிடைக்காவிட்டால் அவளுக்கு அந்தப் போகம் இல்லை.

இரண்டு வளவுக்கும் நடுவில் நின்ற கிறிஸ்தோப்பரின் ஓலை வேலி இரண்டு வருடம் நிற்கவேண்டியது. ஆறு மாதத்திலேயே நைந்து கொட்டியது.

"மாதா திருநாளுக்குள்ள கும்பியை எடும். இல்லாட்டி நான் கொளுத்துவன்."

"என்ர வளவுக்குள்ள நீங்கள் ஆர் அண்ணை கொளுத்த?"

"அந்தக் கும்பியில எல்லாம் உக்குது. உம்மட வாய்தான் இன்னும் உக்கேல்லை."

அன்று பின்னேரமே அவள் வேலி நெடுகத் தடவிப் பார்த்தாள். கும்பியோடு ஒட்டிய இடத்தில் ஓலை விறைப்பாக இருந்தது. நைந்தது நெஞ்சு உயரத்தில், பன்னிரண்டு அடி நீளத்துக்கு மட்டும். கிறிஸ்தோப்பர் தினமும் மீன்பிடி வலையைக் கிணற்றடியில் அலசி, தடிப்பாக மடித்துக் காயப்போடுவது அந்த இடத்தில்தான்.

இரண்டு ஓலைத் துண்டுகளில் பூஞ்சணத்தைப் பூசினாள். ஒன்றைக் குசினிக்குள் அடுப்புக்கு மேலே காயக் கட்டினாள். மற்றதை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள்.

திருநாளன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இரண்டையும் நீட்டினாள். காய்ந்தது அப்படியே இருந்தது. ஈரமானது விரல் பட்டதும் பிய்ந்தது.

"அண்டைக்குக் கேட்டியளே அண்ணை. அதுக்கு ஆருடைய வேலி எண்டு தெரியாது. ஈரம் மட்டும்தான் தெரியும். பூஞ்சணம் காத்திலயும் கிடக்கு. ஈரத்தை நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் குடுக்கிறியள்."

"அப்ப கிறிஸ்தோப்பர்தான் தன்ர வேலியைத் திண்டது" என்றார் ஒருவர். வாசலே சிரித்தது.

கிறிஸ்தோப்பர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். அவள் நடந்து வீடு வந்து சேர, கும்பி எரிந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்டபோது சிரித்த அதே நாலு பேர் றோட்டில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வாளி தண்ணீர் எடுக்கவில்லை.

அந்தப் போகம் அவள் கத்தரி நடவில்லை. அலுமாரிக்குள் ஒரு போத்தல் பூஞ்சணம் தப்பியிருந்தது. அதில் புதுக் கும்பி தொடங்கினாள். கிறிஸ்தோப்பர் புது ஓலை அடைத்தார். அதிலேயே வலையைப் போட்டார். மார்கழியில் அதே பன்னிரண்டு அடி மறுபடி நைந்தது.

ஓலை வேலியில் ஈரவலை போடுகிறவர்கள் தீவுப் பக்கம் நிறையப் பேர். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கிறிஸ்தோப்பருக்கும் யாராவது இன்னொருமுறை சொல்லுங்கள். மேரிஜோசப்பின் இனிச் சொல்லமாட்டாள்.