மெஷினுக்கு முன்னால டில்ட் ஆனவரு

இன்னிக்கு ஸ்ரீ கெம்பாங்கான்ல, பந்த தட்டித் தட்டி ஆடற பழைய பின்பால் மெஷினுங்க வெச்சிருக்கற கடையில ஆடிக்கிட்டிருந்தேன்.

பந்து நடுக்குழியில விழப் பார்த்துச்சு. இடுப்பால மெஷின ஒரு இடி இடிச்சேன். பந்து தப்பிச்சு மேல போயிருச்சு.

பின்னால காத்திருந்தவரு, "அக்கா, பொம்பளைங்க இப்படியா ஆடுவாங்க? மெஷின் ரோசாக் ஆயிரும், கெட்டுப் போயிரும் லா"ன்னாரு.

"அண்ணே, இடிக்கறதும் இந்த ஆட்டத்துல சேர்த்திதான். ரொம்ப இடிச்சா மெஷினே 'டில்ட்'னு லைட் போட்டு ஆட்டத்த நிறுத்திரும். இப்ப லைட் வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப நீங்க ஏன் நிறுத்தச் சொல்றீங்க?"

அடுத்த பந்துக்கு இன்னும் கொஞ்சம் பலமாவே இடிச்சேன். அப்பவும் லைட் வரல.

அடுத்த வாரமும் போவேன். இடிச்சுத்தான் ஆடுவேன்.

மெஷினே சும்மா இருக்கும்போது முந்திக்கிட்டு டில்ட் ஆகற ஆளு, உங்க வீட்ல யாரு?