கிறிஸ்துமஸ் வரை வைக்காத கேக்

உரலில் சீனி இடிபடும்போது மெல்லிய புகை மாதிரி ஒரு வெள்ளைத் தூள் எழும்பும். பக்கத்தில் குனிந்து நின்றால் இமையிலும் உதட்டிலும் வந்து படியும், மூச்சை இழுத்தால் தொண்டை வரைக்கும் இனிக்கும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சீனியும் மண்ணெண்ணெயும் "கன்ட்ரோல்" ஆகிவிட்டிருந்தன. வில்லாபுரத்தில் இருந்த எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பிதான். கடையில் அளந்து தந்த சீனியை அம்மா மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, எங்கள் கைக்கு எட்டாத பரணில் வைத்திருந்தாள். "எல்லாம் கிறிஸ்துமசுக்கு" என்பாள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு எஸ்தர் சித்தி வந்திருந்தாள். அப்பாவின் தம்பி ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். குண்டு விழத் தொடங்கியதும் அவரும் சித்தியும், சாம் என்று கூப்பிட்ட தங்கள் ஒரே மகனும், ஆயிரக்கணக்கான ஜனங்களோடு மலை வழியாக நடந்தே கிளம்பினார்கள். கல்கத்தா வந்து சேர்ந்தபோது சாம் இல்லை. சித்தப்பா அங்கேயே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, சித்தியை மட்டும் ரயிலேற்றி எங்களிடம் அனுப்பிவைத்தார். அவள் வருவதற்கு முன்னாலேயே அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளை பேச்சை வாயில எடுக்கக் கூடாது, தெரியுதா?" என்று எச்சரித்திருந்தாள். நானும் எடுக்கவில்லை. நான் சாமைப் பார்த்ததே கிடையாது. அதனால் எனக்கு அது சிரமமாகவும் இல்லை.

சித்தி சொன்ன வேலையைச் செய்வாள், வைத்ததைச் சாப்பிடுவாள், கூப்பிட்டால் "ம்" என்பாள். அவ்வளவுதான். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு தாங்கவில்லை. கையில் பிடித்தமான வேலை ஒன்று இருந்தால் கொஞ்சம் தெளிவாள் என்று நினைத்தாளோ என்னவோ, கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "எஸ்தரு, ரங்கூன்ல கேக்குக்கு மேல பூவெல்லாம் போடுவியாமே. நம்ம வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடேன். சீனி அம்புட்டையும் எடுத்துத் தாரேன்" என்று கேட்டாள்.

"மறந்துபோச்சுக்கா" என்றாள் சித்தி.

அம்மா விடவில்லை. கேக்குக்கு மேல் போடும் சீனிப் பூச்சுக்கு ஐசிங் என்று பேர் என்பதையே அப்போதுதான் முதல்முறை கேட்ட நான், சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நச்சரித்ததும் உண்மை. கடைசியில் அவள் எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டு, "உரலை நல்லாக் கழுவித் துடைங்க. துளி ஈரம் இருந்தாலும் சீனி கட்டிக்கிரும்" என்றாள். அவள் வந்ததிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

கேக்கை அம்மா முதல் நாளே மணல் பரப்பிய சட்டிக்குள் வைத்து, மூடிமேல் கங்கு போட்டு வேகவைத்திருந்தாள். இடித்த சீனியைச் சித்தி மல் துணியில் இரண்டு தரம் சலித்தாள். முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, முள்கரண்டியால் நுரைக்க நுரைக்க அடித்து, சீனித்தூளைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, எலுமிச்சம்பழச் சாறு சில சொட்டு விட்டாள். "இது விட்டாத்தான் வெள்ளைவெளேர்னு வரும், சீக்கிரம் இறுகும்" என்று அவளாகவே சொன்னாள். பாதியைத் தனியாக எடுத்து பீட்ரூட் சாறு கலந்ததும் அது ரோஜா நிறமானது. காய்ந்துவிடாமலிருக்க ஈரத்துணி போட்டு மூடினாள். எண்ணெய்க் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, முனையைக் கத்தரித்து, அதற்குள் ஐசிங்கை நிரப்பி அழுத்தியபோது, கேக்கின் ஓரம் நெடுக மல்லிகை மொட்டுகள் வந்து உட்கார்ந்தன. அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

எல்லாம் முடிந்ததும் சித்தி, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தாள். வழித்த விரலை, கேக்கிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, தன் இடுப்புக்குக் கீழே நீட்டினாள். அங்கே யாரும் இல்லை. நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நானோ அவள் தோளுக்கு வளர்ந்துவிட்ட பெண். அந்த விரல் காற்றில் அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

நான் பக்கத்தில் வந்து குனிந்து, மண்டியிட்டு, அதை நக்கிவிட்டேன்.

சித்தியின் இன்னொரு கை இறங்கி என் தலையைத் தடவியது. "போதுமாய்யா?" என்றாள்.

தடவிய கையில் என் பின்னல் தட்டுப்பட்டிருக்க வேண்டும். திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்:

"வழியில ஒருத்தரு ஒரு கட்டி வெல்லம் குடுத்தாருக்கா. இவன் கேட்டுக்கிட்டே வந்தான். இன்னும் எம்புட்டுத் தூரம் நடக்கணும்னு யாருக்குத் தெரியும்? நாளைக்குத் தாரேன்யா, நாளைக்குத் தாரேன்யான்னு முந்தானையில முடிஞ்சு வச்சேன். ராத்திரி காய்ச்சல் வந்துச்சு. விடியும்போது பிள்ளை இல்ல. வெல்லம் முந்தானையிலயே இருந்துச்சுக்கா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நாந்தான் உன்னைக் கேட்டேன், நாந்தான் கேட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. அந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்த நேரத்திலும் என் நாக்கு, உதட்டோரத்தில் மிச்சமிருந்த இனிப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த விரல் யாரும் தொடாமலே திரும்பிவிடக் கூடாது என்று குனிந்தேனா, ஐசிங் ஆசையில் குனிந்தேனா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இரக்கம்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த ருசி இவ்வளவு தெளிவாக நினைவிருப்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சித்தி எழுந்து கத்தியை எடுத்தாள். "கிறிஸ்துமசுக்குன்னு வைக்க வேணாம்க்கா" என்றவள், பூக்கள் காய்வதற்கு முன்பே கேக்கை வெட்டினாள். தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். "இன்னொண்ணு" என்று கேட்டவனுக்கு இன்னொன்றும் கொடுத்தாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அப்பா காலித் தட்டையும் அம்மாவின் முகத்தையும் பார்த்துவிட்டு, கை கால் கழுவப் போனார். அந்தக் கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டில் கேக் இல்லை. அதற்காக யாரும் குறைப்படவும் இல்லை.

யுத்தம் முடிந்து சித்தி கல்கத்தாவுக்கே, சித்தப்பாவிடம் போனாள். பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். எங்களுக்குள் அந்த மத்தியானத்தைப் பற்றிய பேச்சு ஒருநாளும் எழவில்லை. நானாகப் போய்ப் பேசியிருக்கலாம், மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். எதற்கு மன்னிப்பு என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கியே வருஷங்களைக் கழித்துவிட்டேன்.

இப்போது வில்லாபுரத்தில் அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் இரும்புக் கடை நிற்கிறது. ஐசிங் சீனி பொட்டலமாகவே விற்கிறது, யாரும் எதையும் இடித்துச் சலிப்பதில்லை. அம்மாவும் அப்பாவும் சித்தப்பாவும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. போன வருஷம் சித்தியும் போய்விட்டாள். துக்கத்துக்குப் போயிருந்தபோது அவள் மகள் அழுகைக்கு நடுவே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா எந்தப் பலகாரத்தையும் மறுநாளைக்குன்னு எடுத்து வச்சதே இல்லக்கா. எதைக் கேட்டாலும் அப்பவே கையில குடுத்துரும். என்ன கோட்டியோ, கிறுக்கோ அதுக்கு!"

தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் இனி நான் ஒருத்திதான். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பந்திக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன்.