ஒருத்தராலும் மாத்தேலாத முறை

எங்கள் ஊரில் ஒரு பாடு, மூன்று கரைவலைகள். பாடு என்பது கல்லில் சிக்காமல் வலையை வளைத்து இழுக்கக்கூடிய கடற்கரைத் துண்டு. மன்னாரில் அரிப்பு என்ற ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் எங்களுக்கு அப்படி ஒன்றுதான் வாய்த்தது. ஒரு நாளைக்கு ஒரு வலைதான் அதில் இறங்கலாம். அதனால் முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு அடுத்தவர், நாளையின்றைக்கு மூன்றாமவர். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இந்த மூன்றை ஒழுங்காக எண்ணத் தெரியாமல் எங்கள் கரையில் உடைந்த மண்டைகள் ஏராளம்.

மூன்று சம்மாட்டிமாரில் ஒருவன் என் தம்பி. சம்மாட்டி என்றால் வலையின் சொந்தக்காரன். பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், கிழிந்த வலையின் சொந்தக்காரனும் சம்மாட்டிதான். இரண்டாமவர் எங்கள் வேலிக்கு அடுத்த வளவுக்காரர். வேலி எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற சண்டையில் எங்களோடு பேச்சை விட்டு வருசக்கணக்காகிறது. மூன்றாமவர் எதற்கும் சத்தம் போடுகிறவர். அவரிடம் ஒரு உழவு இயந்திரம் நின்றது. முன்பு வலையை அதால்தான் இழுத்தார்கள். எங்கள் கரையில் அது கூடாது என்று தடுத்த பிறகு பழையபடி ஆட்கள்தான் இழுத்தார்கள். ஊர்ப் பொடியன்களும், கட்டுக்கரைக் குளத்துப் பக்கமிருந்து கூலிக்கு வருகிறவர்களும் ஆளுக்கொரு கை பிடிப்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். அம்மா அப்பா போன பிறகு வீட்டில் நானும் தம்பியும்தான். அண்ணா நோர்வேயில் இருக்கிறார். அவருடைய மகன், என் மருமகன், திருவிழாவுக்கு வந்த இடத்தில்தான் இந்தக் கதை தொடங்கியது.

அவன் கொம்பியூட்டர் வேலைக்காரன். ஒரு காலத்தில் நிலவறையில் மெசின்களை அடுக்கி வைத்து பிட்கொயின் மைனிங் செய்தானாம். "அந்தச் சூட்டில வீடு முழுக்கச் சூடாகும் மாமி, ஹீற்றரே தேவையில்லை" என்றான். "இஞ்ச வைச்சா நாங்கள் அவிஞ்சு போவம். கரண்ட் பில் கட்ட வளவை விக்கவேணும்" என்றேன். சிரித்தான். அதை விட்டுவிட்டேன், இப்போது ஸ்மார்ட் கொன்ராக்ட் எழுதுகிறேன் என்றான். ஒரு ஒப்பந்தத்தை எழுதி உலகத்தில் பல கொம்பியூட்டர்களில் ஏற்றிவிடுவார்களாம். நேரம் வந்தால் அது தன் பாட்டில் நடக்குமாம். நீதவானும் வேண்டாம், தரகரும் வேண்டாம். "ஒருத்தராலும் மாத்தேலாது" என்று அவன் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி எச்சில் கையோடு எழும்பிவிட்டான்.

"அப்ப எங்கட முறையை அதில போடடா!"

கடற்கரையில் தம்பி வலை வைக்கிற கொட்டிலில், அவனுடைய வாடியில், கூட்டம் வைத்தோம். மூன்றாமவர் வந்ததும் வராததுமாகக் கத்தினார். "இது அந்தக் கொயின் கொம்பனி வேலைதானே?" அவர் கேட்டதில் பிழையில்லை. டோக்கன் வாங்கினால் விலை ஏறும் என்று சொல்லி ஒருவன் வந்து, எங்கள் ஊர்ப் பெண்களின் கழுத்தில் கிடந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான்.

"இது விக்கிற டோக்கன் இல்லை அண்ணை, இதுக்கு விலையே கிடையாது" என்றான் மருமகன். "ஆற்ற முறையோ அவற்ற போனில இருக்கும். பின்னேரம் கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு அடுத்தவற்ற போனுக்குத் தானாப் போகும். மைனிங்கும் இல்லை, கரண்டும் பெரிசா எடுக்காது."

அதோடு ஒன்று சொன்னான். பிழை வந்தால் திருத்துவதற்கு ஒரு திறப்பை, சாவி மாதிரி ஒன்றை, யாராவது ஒருவர் வைத்திருப்பது நல்லதாம். அவனுடைய தொழிலில் இது பெரிய சண்டையாம். திறப்பு வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம், திறப்பு இருந்தால் அது வைத்திருப்பவனின் ராச்சியம்தானே என்கிறவர்கள் மறுபக்கம்.

வேலிக்காரர் எங்களைப் பார்க்காமல் வாடியின் கப்புத் தடியைப் பார்த்துச் சொன்னார். "பொடியன் அவையின்ர பொடியன். திறப்பு அவன்ர கையில இருக்குமெண்டா எனக்கு வேண்டாம்."

"எனக்கும் வேண்டாம்" என்றார் மூன்றாமவர். முந்தின வருசம் அவருடைய பிள்ளையை மன்னார் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, முறையை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்போது முறை சொல்லிக்கொண்டிருந்த பங்குச் சுவாமி முடியாது என்றுவிட்டார். "ஆளைப் பாத்து முறை சொல்லுற வேலை இனி வேண்டாம். ஆற்ற கையிலயும் திறப்பு வேண்டாம்."

தம்பி கை தட்டினான். மூன்று பேரும் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மருமகன் விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை கடல் இல்லை. பெரிய வெள்ளி, திருவிழா, நத்தார் இல்லை. காற்று அடித்து வலை இறக்க முடியாவிட்டால்? முறை போகும், அது அவனவன் விதி. வருத்தமென்றால்? போகும். வள்ளம் பழுதென்றால்? போகும். "வேற ஏதாவது இருக்கோ?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டான். வேறு ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எந்த வள்ளமும் இறங்காது. முறையும் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். இதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. மறைத்ததல்ல, மறந்ததுமல்ல. சோறு தின்ன வாயைத் திறக்க வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

சோளகக் காற்று ஓய்ந்து வலைக் காலம் தொடங்கியது. பின்னேர மணி அடிக்க ஒரு போன் சிணுங்கும், அடுத்த நாள் அவர் வலையை ஏற்றுவார். சத்தமில்லை, சண்டையில்லை. கரையில் வேடிக்கை பார்க்க வருகிற கிழவர்களுக்குத்தான் பொழுது போகவில்லை.

ஆனால் தம்பிக்கு அந்த முறை கைகொடுக்கவில்லை. அவனுடைய நாளில்தான் காற்று எழும்பும். அவனுடைய நாளில்தான் வலை மடியில் மீனுக்குப் பதிலாகச் சாதாளைப் பாசி வந்து நிறையும். முந்தின வருசமும் இப்படித்தான். "இந்தக் காலம் பாப்பன் அக்கா. சரிவராட்டி வலையைக் குடுத்திட்டு ருமேனியாவுக்குப் போறன்" என்றான். வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மன்னார் டவுனில் ஒரு ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்தே விட்டான். அண்ணாவும் இப்படித்தான், இரண்டு வருசத்தில் வாறன் என்று போனவர். அந்த வீட்டில் தனியே இருந்து கிழவியாகப் போகிறேன் என்ற பயம் வந்தது. அதை அவனிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

வருசத்தில் எப்போதாவது பாரை மீன் கூட்டம் ஒன்று எங்கள் கரையை ஒட்டி வரும். வந்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். அது ஒரு தடவை மடியில் விழுந்தால் அந்த வருசம் நிமிர்ந்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தண்ணீர் கறுத்துக் கிடந்ததைத் தம்பிதான் முதலில் கண்டான். கரையில் நின்று துள்ளினான். மணி அடித்தது, அவனுடைய போன் சிணுங்கியது. புதன் அவனுடைய முறை.

"அக்கா, இனி ருமேனியாவும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை!"

புதன் விடியப்புறம் வலையை ஏற்றி வள்ளத்தில் கை வைத்திருக்கிறார்கள், கோயிலில் துக்க மணி அடித்தது. வேலிக்காரரின் தாய். படுக்கையில் கிடந்த மனிசிதான், ஆனாலும் அன்றைக்கென்று பார்த்தா போக வேண்டும் என்று என் வாய்க்குள் வந்தது. சிலுவை அடையாளம் போட்டு விழுங்கினேன். தம்பி வலையை இறக்கிப்போட்டுவிட்டு, பேசாத வீட்டுக்குப் பந்தல் போடப் போனான். நானும் தேத்தண்ணி வைக்கப் போனேன். செத்தவீட்டுக்கு வேலி கிடையாது.

இத்தாலியில் இருந்த மகள் வரவேண்டுமென்று வியாழன் பின்னேரம்தான் அடக்கம் வைத்தார்கள். புதன் பின்னேரம் தம்பியின் போனிலிருந்து டோக்கன் போய்விட்டது. செத்தவீட்டு வேலைகளுக்குள் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. வியாழன், சேமக்காலையில் குழிக்குள் மண் போட்டுக்கொண்டிருக்கும்போது கோயில் மணி அடித்தது. வேலிக்காரரின் சட்டைப் பைக்குள் ஒரு சிணுங்கல், அடுத்து மூன்றாமவரின் பைக்குள் ஒரு சிணுங்கல். கையில் மண்ணோடு எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். அப்போதுதான் விளங்கியது. செத்தவீட்டுக்காரருடைய முறையும் போய்விட்டது, தம்பியுடையதும் போய்விட்டது.

இரவே மருமகனுக்குப் போன் எடுத்தேன். அவன் அழாத குறை. "மாமி, என்னால ஒண்டும் செய்யேலாது. திறப்பு வேண்டாமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மூன்றாமவரிடம் போய் முறையை விட்டுத்தரச் சொல்லிக் கேட்டேன், தம்பிக்குத் தெரியாமல்தான். அவர் வாசலில் நின்றபடி சொன்னார். "ரீச்சர், நான் ஒரு பட்டனையும் அமத்தேல்ல. அது தானா வந்தது. என்ர பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்கேக்க எனக்கு ஆர் நிப்பாட்டினது? இண்டைக்கு உங்களுக்காக மாத்தினா நாளைக்கு இன்னொருத்தருக்கு. பிறகு என்னத்துக்கு உந்தக் கொன்ராக்ட்?"

அவர் சொன்னதில் ஞாயம் இருந்ததுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

வெள்ளி விடிய அவர் வலையை இறக்கினார். பாரை அங்கேதான் நின்றது. நாலு பேர் தண்டு வலித்து வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கயிற்று நுனியைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் வலை இழுக்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. முந்தின நாள் சவப்பெட்டி தூக்கிய ஆட்கள். கயிறு மணலில் கிடந்தது, அவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாமவர் கத்திப் பார்த்தார். போனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ, என்ர முறை! எல்லாரும் சம்மதிச்சதுதானே!" உண்மைதான். நேரம் போகப் போக நீரோட்டம் வலையைக் கல்லுப் பக்கம் தள்ளத் தொடங்கியது. அவர் தானே போய்க் கயிற்றைப் பிடித்தார், வள்ளத்தில் வந்த நாலு பேரும் பிடித்தார்கள். அந்த ஐந்து பேருக்கு அசைகிற வலையா அது? அவருடைய சத்தம் குறைந்து, பிறகு நின்றே போய்விட்டது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் சைக்கிளோடு நின்றேன். நல்லா வேணும் என்று மனம் குளிர்ந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, குளிர்ந்தது.

அப்போது தம்பி எழும்பினான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கயிற்றை எடுத்தான்.

"உனக்கென்ன விசரா?" என்று கத்தினேன். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

"வலை தண்ணியில கிடக்குது அக்கா. பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ?"

அவ்வளவுதான் சொன்னான். அவன் எடுத்த பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள். மடி கரைக்கு வந்தபோது பாரை நிறைந்து கிடந்தது. அவனுக்கு வரவேண்டிய பாரை. சனிக்கிழமை அவனுடைய முறை வந்தபோது அது போய்விட்டது, அந்த வருசத்தில் மறுபடி வரவில்லை. வெள்ளி பின்னேரமே மூன்றாமவர் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை மீன் அனுப்பினார். றோட்டில் கொட்டலாமா என்று யோசித்தேன், மனம் வரவில்லை. புளி கூடப் போட்டுக் குழம்பு வைத்தேன். குழம்பு திறமாக வந்தது, அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது. தம்பி சாப்பிட்டுவிட்டு, "அடுத்த மாதம் விசா வந்திடும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மண்டபத்தில் கூடினோம். மருமகனின் முகம் தெரியும்படி என் போனை ஒரு கதிரையில் சாத்தி வைத்தேன். பழையதைத் திருத்த முடியாது, புதிதாக எழுதி எல்லோரும் அதற்கு மாறலாம் என்றான். சாவு விதியையும் சேர்க்கலாமாம். "ஆனா ஊரில ஆரும் செத்தது அதுக்குத் தெரியாது. ஒரு ஆள் சொல்லவேணும். அந்த ஆள் பட்டனை அமத்தினா முறை நிக்கும். பொய்யா அமத்தினாலும் நிக்கும்."

யார் அந்த ஆள்? அங்கேதான் திரும்பவும் எல்லாம் தடக்கியது. சுவாமி மாற்றலாகிப் போய்விடுவார். மணி அடிக்கிறவர் மூன்றாமவரின் மாமனார். இரண்டு பேர் சேர்ந்து அமத்துகிற மாதிரியும் எழுதலாம் என்றான் மருமகன். எந்த இரண்டு பேர் என்று கேட்டதும் மண்டபமே சிரித்தது. என் பெயரை ஒருவர் சொன்னார். வாய்க்காரி என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் சரிதான்.

கடைசி வாங்கில் இருந்த வேலிக்காரர் எழும்பினார். சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தது. போனில் தெரிந்த மருமகனைப் பார்த்துச் சொன்னார். "கயிறை எடுத்தவன் அமத்தட்டும்."

"ஓம்" என்று முதலில் சொன்னது மூன்றாமவர்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஊரில இருக்கமாட்டன். ருமேனியாவுக்குப் போறன்."

வேலிக்காரர் மெதுவாகத் திரும்பினார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு ஆளின் முகத்தை நேரே பார்த்தார்.

"நீ போனா, நாங்கள் சாகேக்க ஆரடா சொல்லுறது?"

திங்கட்கிழமை தம்பி விடிய பஸ்ஸில் மன்னாருக்குப் போனான். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் வந்து பாஸ்போட்டை அலுமாரிக்குள் அம்மாவின் சேலைகளுக்குக் கீழே வைத்தான். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

மருமகன் புதிதாக எழுதிய கொன்ராக்டில் பட்டன் தம்பியின் போனில் இருந்தது. அதற்குப் பிறகு ஊரில் சாவுகள் விழுந்திருக்கின்றன. ஒன்று வேலிக்காரரின் முறையில் விழுந்தது, தம்பி பட்டனை அமத்த, நல்ல மீன் நாளொன்றில் அவருடைய வலை கரையில் கிடந்தது. அவர் செத்தவீட்டுக்குப் பந்தல் போடப் போனார். துக்க மணிச் சத்தம் கேட்டால் தம்பி கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்துதான் முறையை நிறுத்தப் போனை எடுப்பான்.