இன்னொரு தடவை சொல்லுங்க

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை நான் மறைப்பதில்லை. மறைத்தாலும் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். நான் மூச்சு விடாமல் பேசி முடித்ததும் ஒரே ஒரு தடவை தலையை ஆட்டுவார். "புரிஞ்சுதாயா?" என்றால் "புரிஞ்சுது" என்பார். என்ன புரிந்தது என்று கேட்பதற்குள் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருப்பார். கல்யாணமான புதிதில் இதைப் பொறுமை என்று நினைத்து ஏமாந்தேன். அது ஃபேக்டரிப் பழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நானும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரி லைனில் நிற்கிறவள்தான், அதனால் அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. ஷிஃப்ட் ஆரம்பத்தில் சூப்பர்வைசர் வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார். மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. கடைசியில் "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகச் சொல்வோம். புரியவில்லை என்று வாயைத் திறந்தால் மந்தமான ஆள் என்று பெயர் வந்துவிடும். கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் வந்தால் கேட்டுக்கு வெளியேதான். அதனால் அவர் நகர்ந்ததும் பக்கத்தில் இருப்பவளிடம் "இன்னாடி சொன்னாரு?" என்று கேட்பேன். அவளுக்கும் தெரிந்திருக்காது. இரண்டு பேருமாக ஊகித்து வேலையை முடிப்போம். பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும்.

ஒரகடம் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்ததும் என் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் அவர் ஏறி இறங்காத கேட் இல்லை. எல்லா இடத்திலும் சின்னப் பையன்களைத்தான் கேட்டார்கள். வீட்டில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னாயா ஆச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு தெரிந்தவர் மூலம் விமான நிலையத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் டிரைவர் வேலை கிடைத்தது. ஓடுதளத்து ஓர விளக்குகளைப் பழுது பார்க்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப். போன முதல் வாரமே மனுஷன் மாறிவிட்டார். ஒரு நாள் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் வந்து நின்று, "ப்ளைட் எறங்கும்போது சக்கரம் தரையில பட்டவொடனே குப்புனு பொகை வருதுமே, நீ பாத்துகீறியா?" என்றார். நான் எங்கே பார்த்தேன்? வானத்தில் போகிற விமானத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் பேசிக்கொண்டே இருந்தார், நான் தோசை சுட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனை தோசை சாப்பிட்டோம் என்று இருவருக்குமே தெரியாது.

ஆனால் அந்த வேலையில் ஒரு கண்டிஷன் இருந்தது. விமானங்கள் நிற்கும் இடத்தில் யார் துணையோடாவது ஓட்டலாம். ஓடுதளத்தை நெருங்க வேண்டுமென்றால் தனி பர்மிட் வேண்டும். அதற்கு டெஸ்ட். வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, வயர்லெஸ்ஸில், விமானங்களுக்கு வழி சொல்லும் டவரோடு பேசவும் தெரிய வேண்டும். டவரில் இருப்பவர் இங்கிலீஷில் சொல்வதைக் கேட்டு, ஜீப்பின் பெயரைச் சேர்த்து, அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை டவருக்கு அது சொல்லாத பேச்சுதான். இரண்டு தடவை ஓட்டிக் காட்டலாம். இரண்டிலும் தவறினால் வேலை இல்லை.

முதல் தடவை தவறிவிட்டார். டவர் ஏதோ சொல்லியிருக்கிறது. இவர் "ராஜர்", அதாவது புரிந்தது, என்று சொல்லிவிட்டு நேராகப் போய், ஓடுதளத்துக்கு முன்னால் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டில் சரியாக நிறுத்தியிருக்கிறார். பக்கத்து சீட்டில் இருந்த ஆபீசர் "டவர் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் முழித்திருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "சரியாத்தானே நின்னே? கோட்டைத் தாண்டலியே. அப்புறம் இன்னாவாம் அந்தாளுக்கு?"

"நின்னேன்மே. காதுல வுழுந்து நிக்கல. ஊகிச்சு நின்னேன். அதையும் அவுரு கண்டுபுடிச்சிட்டாரு."

"அதான் சரியா ஊகிச்சியே."

"இன்னிக்கு ஊகிச்சு நின்னேன். நாளைக்கு ஊகிச்சுப் பூந்துட்டா?"

நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். அன்றைக்குத் தேய்க்க வேண்டியதையும் தேய்த்தேன், கழுவி வைத்திருந்ததையும் தேய்த்தேன்.

அடுத்த டெஸ்டுக்கு நாமே தயார் செய்வது என்று முடிவு செய்தேன். இங்கிலீஷ் வார்த்தைகளை அவர் போனில் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார். அது பெரிய விஷயமே இல்லை. காதில் விழாதபோது "கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சொல்வதற்கு மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. நான் ரூமிலிருந்து வேண்டுமென்றே முணுமுணுப்பேன். அவர் அங்கிருந்து "ராஜர்" என்பார். பூம்பூம் மாடு மாதிரி தலை வேறு ஆடும். "இன்னாயா ராஜர்? நான் ஒண்ணுமே சொல்லல, சும்மா வாயை அசைச்சேன்" என்பேன். அசடு வழியச் சிரிப்பார். பக்கத்து போர்ஷன் பெண், "இன்னாக்கா, புருசனும் பொண்டாட்டியும் வூட்டுக்குள்ளயே வயர்லெஸ்ல பேசிக்கிறீங்க? சண்ட வந்தா சிக்னல் கட்டாயிடுமா?" என்று கிண்டல் செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக்கு முருகனைப் பார்க்கக் கிளம்பினோம். பைக்கில் பின்னால் உட்கார்ந்த நான்தான் டவர். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் என்னைக் கேட்க வேண்டும், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஸ்ரீபெரும்புதூர் வரை ஒழுங்காகப் போனது. "டவர், லாரி போற வரைக்கும் நிக்கிறேன்" என்று அவர் கத்த, சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோ முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஒரகடம் வந்ததும் முகத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு, கன்டெய்னர் லாரி கடக்கும் நேரம் பார்த்து, வலப்பக்கம் திரும்பச் சொன்னேன். "ராஜர்" என்றவர் நேரே போனார். போய்க்கொண்டே இருந்தார். சிங்கப்பெருமாள் கோவில் எத்தனை கிலோமீட்டர் என்று போர்டு வந்த பிறகு ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினேன்.

"எங்கயா போற?"

"நீ சொன்ன வழிதான்."

"நான் இன்னா சொன்னேன்?"

வண்டியை ஓரங்கட்டினார். ஒரு டீக்கடை. இரண்டு டீ சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கேக்கலன்னு கேட்டா இன்னா? கொறைஞ்சா பூடுவே?" என்றேன்.

"கொறைஞ்சு பூடுவேன்னுதான்மே இத்தினி வருசம் கேக்காம இருந்தேன்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எத்தனை சூப்பர்வைசர்கள், எத்தனை கேட்டுகள், எல்லா இடத்திலும் இந்த மனுஷன் புரிந்தது புரிந்தது என்று தலையாட்டிக்கொண்டு தனியாகத் தவித்திருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த ரோட்டில் தூசிக்கா பஞ்சம், அவரும் நம்பிவிட்டார். திரும்பி வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில் நான் தெளிவாகச் சொன்னதைக்கூட அவர் "டவர், இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வேண்டுமென்றே என் உயிரை வாங்கினார். நானும் திட்டாமல் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ்வளவு பொறுமை என்னிடம் இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது டெஸ்ட் நாள் வந்தது. காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக் குளித்து, விபூதி வைத்துக்கொண்டு அமைதியாக நின்றார். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. டிபன் டப்பாவின் மூடியைக் காணோம். அதை அவர்தான் எங்கோ வைத்துவிட்டார் என்று ஆரம்பித்து, அவர் அம்மா வீட்டு வளர்ப்பு வரைக்கும் போய்விட்டேன். மூடி அடுப்புக்குப் பின்னால் கிடந்தது. அவர் வழக்கம்போல "சரி" என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியதும் நானும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

எங்கள் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்றைக்கு லைன் ஓடியது, என் கை ஓடியது, மனசு மட்டும் ஏதோ ஒரு மஞ்சள் கோட்டில் நின்றது. ஷிஃப்ட் முடிந்து போனை எடுத்துப் பார்த்தால் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வேலை போனால் போகட்டும், திரும்பவும் சுவரைப் பார்த்து உட்காராமல் இருந்தால் போதும் என்று முருகனிடம் பேரம் பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் போனால் அவர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா ஆச்சு?"

"அந்த மஞ்சக் கோட்டாண்ட நின்னுகினு இருந்தேன்மே. டவர் கூப்புட்டாங்க. அந்நேரம் பாத்து பக்கத்துல ஒரு ப்ளைட் இஞ்சின் சத்தத்த ஏத்துறான். ஜீப் பேரும் கடைசியில ரன்வேன்றதும்தான் காதுல வுழுந்துது. போவச் சொல்றாங்களா நிக்கச் சொல்றாங்களா தெரியல."

"அப்புறம்?"

"இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்டேன். சொன்னாங்க. அதுவும் வுழல. திரும்பக் கேட்டேன். டவர்ல குரலு கடுப்பாயிடுச்சு. பக்கத்துல ஆபீசரு மூஞ்சியக் காட்டாம ஜன்னல் பக்கம் பாத்துகினு கீறாரு. எனக்கு வேர்த்து ஊத்துது. நாக்கு நுனி வரைக்கும் ராஜர் வந்துருச்சுமே. முழுங்கிட்டு இன்னொரு தடவை கேட்டேன்."

"திட்டுனாங்களா?"

"ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னாங்க. ரன்வேக்கு முன்னாடியே நில்லுன்னு. நான் அதை அப்டியே திருப்பிச் சொன்னேன். சொல்லி முடிச்சு கொஞ்ச நேரம்தான், கண்ணு முன்னாடி ஒரு ப்ளைட் எறங்கி ஓடுது. ஜன்னலெல்லாம் வரிசையாத் தெரிஞ்சுது." வெங்காயத்தைக் கீழே வைத்தார். "ஆபீசரு வண்டியத் திருப்பச் சொன்னாரு. அவ்ளோதான், போச்சுன்னு நெனைச்சேன். ஆபீசுக்கு வந்து, நாளையிலேர்ந்து நீயே தனியா ஓட்டுன்னாரு."

"பாஸா?"

"பாஸ்."

நான் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்கிற ஆளை என்ன செய்வது? முதுகில் இரண்டு அடி போட்டேன். அப்புறம் அதே முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"காலையில இன்னாத்துக்கு அப்டிக் கத்துனே?"

"வுடுயா. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"டப்பா மூடிக்கா அவ்ளோ கோவம்? எனக்குப் புரியலமே. சொல்லு."

நான் கத்தியதற்கெல்லாம் "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போன மனுஷன். ஏன் கத்தினாய் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது.

"பயம்யா. நீ தோத்துட்டு வந்து மறுபடி மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு உக்காந்தீன்னா, என்னால அதைப் பாக்க முடியாது. உம்மேல கோவமெல்லாம் இல்ல."

அவர் தலையாட்டவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தித் திருப்பிச் சொன்னார்.

"பயம். எம்மேல கோவம் இல்ல. நான் மூஞ்சியத் தொங்கப் போட்டா உன்னால பாக்க முடியாது. சரியா?"

"சரி" என்றேன்.