தேசிக்காய் மரத்தடியால் போன றோட்டு

திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டிப் பலாலிப் பக்கம் போகிற றோட்டில் ஒரு நேர்த்துண்டு உண்டு. அந்த இடம் வந்ததும் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு எங்கிருந்துதான் உசார் வருமோ, பறப்பார்கள். "யுத்தத்துக்கெண்டு வெள்ளைக்காரன் போட்ட றோட்டு" என்று பக்கத்துச் சீற்றில் இருப்பவர்கள் எனக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். விசர்க்கதை. வெள்ளைக்காரன் கல்லும் தாரும் போட்டான். அந்த இடத்தால் போகவிட்டவள் நான்.

முன்பு அங்கே றோட்டு வளைந்துதான் போனது. எங்கள் வளவுகள் இரண்டையும் கிழக்காலே சுற்றிக்கொண்டு கோயில் கேணியடியில் மறுபடி நேராகும். இரண்டும் அம்மாவின் காணி. சீதனமாகப் பிரித்தபோது மேற்குப் பாதி அக்காவுக்கு, கிழக்குப் பாதி எனக்கு. நடுவே தென்னோலைக் கிடுகுவேலி, வேலியில் ஒரு பொட்டு. குனிந்தால் ஒரு ஆள் நுழையலாம். ஒரு நாளைக்கு எத்தனை தரம் குனிந்திருப்போம்! அடுப்புக்கு நெருப்பு, அரைத்த கூட்டு, கோயில் பிரசாதம் எல்லாம் அதற்குள்ளால்தான் போகும், வரும். வீட்டில் கட்டிய சீலையோடு, கலைந்த தலையோடு போய் அவளுடைய குசினியில் குந்திவிடுவேன். கலியாணம் முடித்து ஒரு வருஷத்தில் என் புருஷன் மலாயா றெயில்வேயில் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அந்தப் பொட்டு இல்லாவிட்டால் எனக்கு அப்போதே பைத்தியம் பிடித்திருக்கும்.

ஒரு பங்குனியில் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்காவின் புருஷன், அதுதான் அத்தான், பழைய வேலியைப் பிரித்துப் புதிதாக அடைத்தார். வந்து பார்த்தால் வேலிக் கதியால்கள் ஒரு சாண் என் பக்கம் நடந்திருந்தன. வேலியோரத்து என் தேசிக்காய் மரம் இப்போது அவர்கள் பக்கம் நின்றது. பள்ளிக்கூட வாத்தியார் செய்கிற வேலையா இது? மலாயாவில் யப்பான்காரன் புகுந்து, என் புருஷனுடைய கடிதங்களும் நின்றுபோயிருந்த காலம். ஆத்திரத்தை யாரில் காட்டுவது என்று தெரியாமல் இருந்த எனக்கு ஒரு சாண் காணி சாட்டாகக் கிடைத்தது. தனக்குப் பதிலாக நான் கையெழுத்து வைக்கலாம் என்று புருஷன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அற்றோணித் தத்துவத்தைத் தூக்கிக்கொண்டு போய், கோட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசியாரைப் பிடித்து வழக்குப் போட்டுவிட்டேன்.

வழக்கு நடந்ததே தவிர, பொட்டு மூடவில்லை. சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் அப்படித்தான். கோட்டுக்கு வெவ்வேறு வண்டிலில் போவோம், திரும்பி வந்து ஒரே சொதியில் சோறு தின்போம். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டுவாள்.

"இந்தாடி, உன்ரை தேசிக்காய். களவெடுத்தது எண்டு கோட்டிலை சொல்லிப்போடாதை."

"சொல்லுவன். ஊறுகாய் போட்டுத் தந்தால் சொல்லமாட்டன்."

பிறகு சாட்சி சொல்லும் நாள் வந்தது. அக்கா சாட்சிக் கூட்டில் ஏறி, வேலி எந்தக் காலமும் அதே இடத்தில்தான் நின்றது என்று சத்தியம் பண்ணினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. புருஷனுக்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நெஞ்சு பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே மூன்று கிடுகு எடுத்து வைத்துப் பொட்டை இறுக்கிக் கட்டினேன். அந்தப் பக்கம் அவள் நின்றாள், கிடுகு நீக்கலால் சீலை தெரிந்தது.

அடுத்த கிழமை றோட்டு வேலை பார்க்கிற ஓவசியர் வந்தார். பலாலியில் ஆகாயக்கப்பல் இறங்க இடம் போடுகிறார்கள், லொறிகளுக்கு இந்த வளைவு சரிவராது என்றார்.

"ரெண்டு வழி கிடக்கு, அம்மா. ஒண்டு, வளைவை அகட்டிக் கிழக்குப் பக்கத்துப் பனங்காணிக்குள்ளாலை கொண்டுபோறது. மற்றது, உங்கடை ரெண்டு வளவுக்கும் நடுவாலை, வேலி வழிய. நீங்கள் மறுத்தால் விசாரணை அது இது எண்டு நாள் இழுபடும், நாங்கள் பனங்காணிப் பக்கம் போயிடுவம்."

"அங்காலை என்ன சொன்னவை?"

"உங்கடை அக்காவிட்டைக் கேட்டிட்டுத்தான் வாறன். 'தங்கச்சி ஓமெண்டால் எனக்கும் ஓம், மாட்டன் எண்டால் மாட்டன்' எண்டு சொன்னவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன எடுப்பு! கோட்டில் கவிழ்த்துவிட்டு இப்போது என் தலையில் பொறுப்பா? அதோடு இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது. நடுவால் அரசாங்க றோட்டு போனால் எவன் வேலியை நகர்த்துவான்? எந்த நீதவானும் தரமுடியாத எல்லை அல்லவா? எங்கள் ஊர்ப் புத்தி எல்லையைத் தாண்டி யோசிக்காது. "ஓம்" என்று சொல்லிக் கையெழுத்தை வைத்தேன்.

முதல் நாளே வேலியைப் பிடுங்கினார்கள். அடுத்த நாள் தேசிக்காய் மரம் போனது. கல்லு, சல்லி, தார், றோலர். இரண்டு மாதத்தில் அக்காவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு றோட்டு கிடந்தது. வழக்கைத் தள்ளியபோது நீதவான் சிரித்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடிந்தால் பொழுதுபட்டால் லொறிதான். தூசுக்கும் பட்டாளத்தாரின் கண்ணுக்கும் பயந்து இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே வேலி எழும்பியது. றோட்டுப் பக்கம் பொட்டு வைக்க முடியுமா? அக்காவின் வாசல் படலை மேற்கு ஒழுங்கையில் இருந்தது. அவளிடம் போவதென்றால் நல்ல சீலை கட்டி, தலை வாரி, றோட்டைக் கடந்து, சுற்றிக்கொண்டு போகவேண்டும். முன்பு அவள் அம்மி இழுப்பது, இருமுவது, அத்தானைப் பேசுவது எல்லாம் என் குசினிக்குக் கேட்கும். இப்போது லொறி ஓய்ந்தாலும் ஒன்றும் கேட்பதில்லை. சமைத்துவிட்டு, யாருக்குச் சமைத்தேன் என்று பானையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். தனிமை என்று சும்மா சொல்கிறார்கள். அது வயிற்றுக்குள்ளே இருக்கிற ஒரு நோ.

ரோசத்தை விழுங்கி ஒருநாள் போனேன். அக்கா விறாந்தையில் கதிரை எடுத்துப் போட்டாள். மூக்குப்பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வெளியாருக்குக் கொடுக்கிற பேணி! அவளைக் குறை சொல்லவும் முடியாது. நான்தான் வெளியாரைப் போல உடுத்திக்கொண்டு போயிருந்தேன். கூப்பன் அரிசியைப் பற்றிக் கதைத்தோம். பிறகு, வாறன் என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டேன்.

தூசு அத்தானுக்கு மூச்சிழுக்கிற முட்டு வருத்தத்தைக் கொண்டுவந்தது. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு எடுத்துக்கொண்டார். எனக்குச் சொன்னவள் மீன்காரி. அப்போதே சாமான் வண்டில்கள் ஒழுங்கையில் நிற்கின்றன என்றாள். கட்டிய சீலையோடு, கலைந்த தலையோடு ஓடினேன். ஒரு லொறிக்காரன் கோர்ன் அடித்து என்னவோ கத்தினான்.

அக்கா பின் வண்டிலில் பாய்க்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் இறங்கி வந்து என் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"அண்டைக்கு ஓவசியரிட்டை ஏனக்கா என்னிலை விட்டனீ?"

"நீ மாட்டன் எண்டு சொல்லுவாய் எண்டு நினைச்சனடி," என்றாள். "கோட்டிலை அந்தப் பொய்யைச் சொன்னாப் பிறகு உன்னட்டை வர எனக்கு முகமில்லை. நீ மாட்டன் எண்டால், உனக்கு நான் இன்னும் வேணும் எண்டு தெரிஞ்சிடும். அண்டைக்கே வந்து பொட்டை அவிழ்ப்பம் எண்டு வேலியடியிலை நிண்டனான்."

அத்தான் கூப்பிட்டார். அவள் ஏறினாள். வண்டில் ஒழுங்கையால் திரும்பி, நான் போட்ட றோட்டில் ஏறி, தெற்கே போனது. வளைவு ஒன்றும் இல்லாததால் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடிந்தது.